செலவுக் கணக்குச் செயலி: முதல் மாதம் எழுத மட்டும் செய்யுங்கள்

அரசு பஸ்ஸில் நடத்துநராக இருபத்திரண்டு ஆண்டுகள். பெரும்பகுதி திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் வண்டியில்தான். பையில் பத்து ரூபாய் குறைந்தாலும் இரவு டிப்போவில் என் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதால், டிக்கெட் பணத்துக்கு ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வைத்துப் பழகியவன். ஆனால் என் சம்பளம் 20ஆம் தேதிக்குள் எங்கே போனது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மனைவியின் வளையலை அடகு வைத்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று இரவுதான் செலவுக் கணக்குச் செயலியைக் கைபேசியில் இறக்கினேன்.

அதன் பிறகு டிப்போ ஓய்வறையில் உடன் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இதைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறேன். விட்டுவிட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே விட்டார்கள். செயலியைத் திறந்த கையோடு பட்ஜெட் போட்டதுதான் காரணம். காய்கறிக்கு 2,000, பெட்ரோலுக்கு 1,500 என்று மனத்தில் தோன்றியதை எழுதினார்கள். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்கே தெரியாது. பத்தாம் தேதியே காய்கறிக்கு எதிரே சிவப்புக் கோடு வந்தது, மனம் விட்டுப்போயிற்று. அதனால் முதலிலேயே சொல்கிறேன்: முதல் மாதம் பட்ஜெட் பக்கத்தைத் தொடாதீர்கள். செலவை எழுதுங்கள், அது போதும்.

எந்தச் செயலி?

இவற்றில் இரண்டு வகை உண்டு. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகவே கணக்கு எழுதிக்கொள்வது ஒரு வகை. நாமே ஒவ்வொன்றாக எழுதுவது மற்றொன்று. முதல் வகைதான் சுலபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். கையில் கொடுத்த காசுக்குக் குறுஞ்செய்தி வராது, சந்தையிலும் கோவில் வாசலிலும் செலவழித்தது எதுவும் கணக்கில் ஏறவில்லை. யூபிஐயில் அனுப்பியதாவது சரியாக ஏறியதா என்றால், அங்கே கடையின் பெயருக்குப் பதில் கடைக்காரரின் பெயர் வருகிறது. மாதக் கடைசியில் ஒரு பெயருக்கு எதிரே 340 ரூபாய் என்று நிற்கும். அவர் இறைச்சிக் கடைக்காரரா, பஞ்சர் ஒட்டியவரா என்று செயலிக்கும் தெரியாது, எனக்கும் நினைவிருக்காது. 2022இல் வந்த யூபிஐ லைட்டில் சின்னச் சின்னத் தொகைகளைக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். லைட்டுக்குப் பணம் மாற்றியது மட்டும் வங்கிக் கணக்கில் தெரியும். அதிலிருந்து குடித்த டீயும் வாங்கிய வாழைப்பழமும் தெரியாது.

கையால் எழுதும் வகையையே நான் சொல்வேன். நான் வைத்திருப்பது ரியல்பைட் நிறுவனத்தின் 'மணி மேனேஜர்'. விளம்பரம் வரும், ஆனால் இலவசம். வரவு, செலவு, மாற்றம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதலாம். நாள்காட்டிபோல் மாதம் முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டும். எக்செல் கோப்பாகக் கணக்கை வெளியே எடுக்கவும் முடியும். வேறு எதை எடுத்தாலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள், குறிப்பாக அந்த 'மாற்றம்'. அது ஏன் வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

நிறுவும்போது ஒரு கவனம். நீங்களே எழுதும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களோ குறுஞ்செய்திகளோ தேவையில்லை, அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். யூபிஐ ரகசிய எண்ணையோ ஓடிபியையோ கணக்கு எழுதும் எந்தச் செயலியும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள். செலவைக் காட்டும் பக்கத்திலேயே 'உங்களுக்கு உடனடிக் கடன்' என்று காட்டும் செயலிகளும் இருக்கின்றன. கடனிலிருந்து வெளியே வரத்தானே கணக்கு எழுதுகிறோம், அவை நமக்கு வேண்டாம்.

கையிருப்பை எண்ணுவது

நடத்துநர் வண்டியில் ஏறும்முன் தன் சட்டைப்பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நடுவழியில் சோதனைக்கு ஏறுகிறவர் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் மற்றதை எண்ணுவார். தொடக்கம் தெரியாமல் முடிவைச் சரிபார்க்க வழியில்லை. செயலியிலும் முதல் வேலை இதுதான். பணம் இருக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு திறந்து, இன்றைய இருப்பை எழுத வேண்டும்.

முதல் நாள் என் பக்கம் இப்படி இருந்தது: பர்ஸ் 1,340. சம்பள வங்கிக் கணக்கு 18,612. அரிசி டின்னுக்குள் மனைவி வைத்திருந்தது 2,000. இவற்றோடு இன்னும் இரண்டு கணக்குகள் திறந்தேன். ஒன்று 'சீட்டு', மற்றது 'கைமாற்று'. சீட்டுக்குக் கட்டும் பணம் திரும்பி வரப்போகிறது, நண்பருக்குக் கொடுத்த 2,000 ரூபாயும் திரும்பி வரும். அவற்றைச் செலவில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

'மாற்றம்' வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். முதல் மாதம் ஏடிஎம்மில் 6,000 எடுத்ததைச் செலவு என்று எழுதினேன். பிறகு அதே பணத்தில் வாங்கிய மளிகையையும் மருந்தையும் ஒவ்வொன்றாக எழுதினேன். மாதக் கடைசியில் செலவு 6,000 ரூபாய் கூடுதலாகக் காட்டியது. இரண்டு இரவுகள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. ஏடிஎம்மில் எடுத்த பணம் வங்கியிலிருந்து பர்ஸுக்கு இடம் மாறியிருக்கிறது, செலவாகவில்லை. அதை வங்கியிலிருந்து பர்ஸுக்கு 'மாற்றம்' என்று எழுத வேண்டும். சீட்டுத் தவணையும் அப்படித்தான். கடன் அட்டை வைத்திருப்பவர்கள் அட்டையையும் ஒரு கணக்காகத் திறந்து, பொருள் வாங்கும் நாளில் செலவு என்றும், பில் கட்டும் நாளில் மாற்றம் என்றும் எழுதுங்கள்.

தலைப்புகள் குறைவாக இருக்கட்டும். ஆசையில் 31 தலைப்புகள் வைத்தேன், தக்காளி வாங்கிவிட்டு அது காய்கறியா மளிகையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்பதுதான்: சமையல், வீட்டு பில்கள், பள்ளி, வண்டி, மருந்து, மொய், வெளியே தின்பது, வட்டி, இதர. பாலும் மளிகையும் காய்கறியும் சமையலுக்குள் அடங்கும். மின்சாரம், எரிவாயு, கேபிள், கைபேசி எல்லாம் வீட்டு பில்கள். சம்பளம் ஒன்றாம் தேதி வராதவர்கள் அமைப்புகளுக்குள் போய், மாதம் தொடங்கும் நாளைச் சம்பள நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு ஒன்றாம் தேதிக் கணக்கு ஒன்றும் சொல்லாது.

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ்

கையில் டிக்கெட் கட்டு வைத்துக் கிழித்துக் கொடுத்த காலத்தில், ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் எந்த எண் வரை டிக்கெட் போயிருக்கிறது என்று இன்வாய்ஸ் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். அடுத்த ஸ்டேஜில் சேர்த்து எழுதலாம் என்று தள்ளினால் அன்று கணக்கு நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த நடத்துநர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. வீட்டுக் கணக்குக்கும் இதையேதான் செய்கிறேன். பணம் கைமாறிய இடத்திலேயே எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்குகிறேன் என்று வையுங்கள். தராசிலிருந்து பையில் கொட்டுகிறார்கள், பணத்தைக் கொடுக்கிறேன், மீதி வாங்குகிறேன். பையைத் தூக்கும்முன் கைபேசியை எடுத்துக் கூட்டல் குறியைத் தொட்டால் செலவுப் பக்கம் திறக்கும். தொகை 130. கணக்கு, பர்ஸ். தலைப்பு, சமையல். குறிப்பில் 'சின்ன வெங்காயம் 2 கிலோ'. பத்து விநாடிக்கு மேல் ஆகாது. அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது எண்கள் மறந்திருக்கும், குறிப்புதான் நினைவைக் கொண்டுவரும். யூபிஐயில் கட்டினாலும் அதேபோல் உடனே எழுதுங்கள், கடைக்காரர் பெயரை வைத்துப் பிறகு கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இரவு சாப்பிட்ட பிறகு பர்ஸை எண்ணுகிறேன். செயலி 870 என்கிறது, பர்ஸில் 830 இருக்கிறது. ஐந்து நிமிடம் யோசிப்பேன். நினைவு வந்தால் எழுதுவேன், வராவிட்டால் 'இதர 40, தெரியவில்லை' என்று எழுதி இரண்டையும் சமமாக்கிவிடுவேன். நாற்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் தேடினால் நாளை எழுத மனம் வராது.

வீட்டில் இருவர் செலவழிக்கும்போது கணக்கு எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். நான் முதல் வாரம் செய்த தவறு, மனைவியிடம் போய் "இன்று என்ன வாங்கினாய்?" என்று கேட்டது. "என்னிடம் கணக்குக் கேட்கிறீர்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, மாதக் கடைசியில் என் செலவுப் பக்கத்தை அவளிடம் காட்டினேன். டீ, வடை, பஸ் நிலையத்து டிபன் என்று வெளியே தின்றது மட்டும் 1,850. அதைப் பார்த்த பிறகு அவளே பால் அட்டையையும் மளிகைச் சீட்டையும் கொண்டுவந்து வைத்தாள். இப்போது பகலில் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைக்கிறாள், இரவு ஒன்பது மணிக்கு அவள் வாசிக்க நான் ஏற்றுகிறேன்.

இரண்டாம் மாதம் திட்டம்

முப்பது நாள் எழுதிவிட்டால் செயலியின் வட்டப்படம் உண்மையைக் காட்டும். எங்கள் வீட்டில் அது காட்டியது மொய். ஆவணியில் ஐந்து பத்திரிகைகள்: மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. ஆயிரத்தொன்றும் ஐந்நூற்றொன்றுமாக 4,005 ரூபாய். அந்த மாதக் காய்கறியைவிட அதிகம். மொய்யைக் குறைக்க எனக்கு மனமில்லை, நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் செய்தது மொய் நோட்டில் இருக்கிறது, திருப்பிச் செய்ய வேண்டும். ஆனால் முகூர்த்த மாதங்கள் எவை என்று காலண்டரில் முன்பே தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் மொய்க்கு ஒதுக்கியதைத் தொடாமல் வைத்தால் தையில் கைமாற்று வாங்க வேண்டாம்.

வளையல் அடகுக்குப் போனதும் இப்படி முன்பே தெரிந்த ஒரு செலவால்தான். ஜூனில் பள்ளி திறக்கும் என்பது யாருக்குத் தெரியாது? ஆகவே பட்ஜெட் போடும்போது மாதச் செலவை முதலில் எழுதாதீர்கள், ஆண்டுச் செலவை எழுதுங்கள். எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் 24,000, தீபாவளி 15,000, வண்டிக் காப்பீடு 1,800, சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 2,200. மொத்தம் 43,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. செயலியில் 'ஆண்டுச் செலவு' என்று ஒரு கணக்கு திறந்து, சம்பளம் வந்த அன்றே 3,600ஐ அங்கே மாற்றிவிடுகிறேன். வங்கியிலும் அதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன், கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பில் இல்லாத மாதத்திலும் பாதித் தொகையை எடுத்துவைக்கிறேன்.

இவை போக மீதியைத்தான் ஒன்பது தலைப்புகளுக்கும் பிரிக்க வேண்டும். முதல் மாதம் உண்மையில் ஆன தொகையையே எழுதுங்கள். குறைக்க விரும்பினால் ஒரே ஒரு தலைப்பில் குறையுங்கள். நான் 'வெளியே தின்பதை' எடுத்துக்கொண்டு 1,850ஐ 1,400 ஆக்கினேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் கை வைத்தவர்கள் யாரும் மூன்றாம் மாதம் வரை எழுதி நான் பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை கணக்கை எக்செல் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். கைபேசி தொலையலாம், செயலியே நின்றும் போகலாம். அமெரிக்காவில் பல லட்சம் பேர் நம்பியிருந்த 'மின்ட்' என்ற செயலியை அதன் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது.

நடுவில் நாட்கள் விட்டுப்போகும். சென்ற தைப்பூசத்துக்குப் பழனிக்குச் சிறப்பு வண்டிகள் ஓடியபோது நான்கு நாள் நான் வீட்டுக்கே ஒழுங்காக வரவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படி ஆனால் விட்டுப்போன நாட்களை உட்கார்ந்து நினைவுபடுத்த வேண்டாம். பர்ஸை எண்ணுங்கள், வங்கி இருப்பைப் பாருங்கள். செயலி காட்டுவதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை 'இதர' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அன்று வாங்கும் முதல் பொருளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எனக்கு அன்று வித்தியாசம் 1,160 வந்தது. எழுதிவிட்டு, டிப்போ வாசலில் குடித்த டீக்கு 12 ரூபாய் என்று அடுத்த வரியை எழுதினேன்.