பவுண்டரி, டையிங், பாய்லர் வைத்திருப்போருக்கு: காற்று மாசு இசைவாணை வாங்குவதும் காப்பாற்றுவதும்

கோவையில் பவுண்டரியோ, திருப்பூரில் டையிங்கோ, காங்கேயத்தில் அரிசி ஆலையோ, கூரைக்கு மேல் ஒரு புகைபோக்கி எழுந்தால் 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களையும் கட்டும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இரண்டு கட்டமாக வரும். கட்டடம் எழுப்புமுன் வாங்குவது நிறுவ இசைவு. உற்பத்தி தொடங்குமுன் வாங்குவது இயக்க இசைவு. எல்லோரும் இதை ‘கன்சென்ட்’ என்றே சொல்கிறோம். தண்ணீருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனி ஆணை உண்டு.

ஷெட் போட்டு, பாய்லருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்க வருபவர்கள் நிறையப் பேர். அது தலைகீழ் வேலை. முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகைப்பாடு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தோட்டத்து நிலத்தை வாங்கித் தொழிற்கூடம் கட்டுவது சாதாரணம். ஆனால் அந்தப் புல எண் விவசாய வகையிலோ குடியிருப்பு வகையிலோ இருந்தால், நகர் ஊரமைப்புத் துறையில் வகைப்பாட்டு மாற்றம் முடியும்வரை உங்கள் கோப்பு நகராது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு, பள்ளி, கோயில், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் காட்டும் வரைபடமும் கேட்பார்கள். கண்ணெதிரே இருக்கும் பள்ளியை வரைபடத்தில் விட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் அந்த வழியாகத்தான் வருவார்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். கோவைக்கும் திருப்பூருக்கும் வடக்கு, தெற்கு என்று இரண்டிரண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகங்கள் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கும், நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையத்துக்கும் தனி அலுவலகம். உங்கள் ஊர் எதில் சேரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று தொழில்களைப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும்.

நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், ஆலை வரைபடம், உற்பத்தி முறையின் ஓட்டப்படம், மூலப்பொருள் கணக்கு, தூசு பிடிக்கும் கருவியின் வடிவமைப்பு, ஆடிட்டர் சான்று ஆகியவைதான் முக்கியக் காகிதங்கள். கட்டணம் தேய்மானம் கழிக்காத மொத்தச் சொத்து மதிப்பை வைத்துக் கணக்காகிறது. ஆடிட்டர் தேய்மானம் கழித்த மதிப்பைப் போட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

எரிபொருள் அளவைக் குறைத்து எழுதும் ஆசை பலருக்கு உண்டு. ஒரு நாளுக்கு இரண்டு டன் விறகு என்று எழுதினால் ஆணையிலும் இரண்டு டன்தான் அச்சாகும். தீபாவளி ஆர்டரில் நான்கு டன் எரிக்கும்போது விறகுக் கொள்முதல் பில்லே உங்களுக்கு எதிரான சாட்சி. உச்ச உற்பத்தி நாளின் அளவை எழுதுங்கள்.

இனிப் புகைபோக்கி. இசைவாணை நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஜெனரேட்டருக்கு எளிய சூத்திரம் உண்டு: அது இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு, கேவிஏ அளவின் (ஜெனரேட்டரின் மின்திறன்) வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 400 கேவிஏ என்றால் வர்க்கமூலம் 20, ஆக கூரைக்கு மேல் 4 மீட்டர். பவுண்டரி கப்போலாவில் (இரும்பு உருக்கும் நெட்டை உலை) சார்ஜ், அதாவது உருக்கும் சரக்கு, போடும் கதவுக்கு மேலே, கப்போலா விட்டத்தின் ஆறு மடங்காவது புகைபோக்கி எழ வேண்டும். தூசு வரம்பு, மணிக்கு 3 டன்னுக்குக் குறைவாக உருக்கும் கப்போலாவுக்குக் கனமீட்டருக்கு 450 மில்லிகிராம். 3 டன்னும் அதற்கு மேலும் உருக்கினால் 150. இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கும் (மின்சாரத்தில் உருக்கும் உலை) 150தான். பாய்லருக்கு அளவையும் எரிபொருளையும் பொறுத்து வரம்பு மாறும், உங்கள் ஆணையில் அச்சாகியிருக்கும் எண்ணே உங்களுக்குச் சட்டம்.

சோதனைக்குப் புகை மாதிரி எடுக்கும் துளையை, புகைபோக்கி செய்யும் ஃபேப்ரிகேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் வெட்டிவிடுவார். அது தவறு. கடைசி வளைவோ ஃபேன் இணைப்போ முடிந்த இடத்திலிருந்து குழாய் விட்டத்தின் எட்டு மடங்கு மேலே, உச்சியிலிருந்து இரண்டு மடங்கு கீழே துளை இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் குழாயில் இது 4.8 மீட்டரும் 1.2 மீட்டரும். அதற்கும் கீழே புகை சுழன்றடிக்கும், எடுக்கும் மாதிரி உண்மையைச் சொல்லாது. துளையோடு ஆள் நின்று வேலை செய்ய மேடை, கைப்பிடி, பாதுகாப்பான ஏணி, அருகில் மின் இணைப்பு எல்லாம் வேண்டும். மேடை ஆடினால் ஆய்வக ஆள் ஏற மாட்டார். அவர் ஏறாமல் போனால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் புதுப்பிப்பு இல்லை.

பாய்லர்காரர்கள் கவனிக்காமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. தூசு அளவை 12 சதவீதக் கரியமில வாயுவுக்குத் திருத்தித்தான் பார்க்கிறார்கள். அளந்தது 90 மில்லிகிராம், வாயுவில் கரியமிலம் 6 சதவீதம்தான் என்றால் கணக்கில் வருவது 180. கருவி நன்றாகவே ஓடியும் அறிக்கை தோற்பது இப்படித்தான். காரணம் தேவையில்லாத காற்று: திறந்தபடி கிடக்கும் தீக்கதவு, விரிசல் விட்ட செங்கல் சுவர், கேஸ்கெட் போன இணைப்பு. சோதனைக்கு முந்தைய வாரம் எரியும் ஊதுபத்தி ஒன்றை எல்லா இணைப்பின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடும் இடத்தில் காற்று நுழைகிறது.

மல்டிசைக்ளோனில் (புகையைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் கருவி) அடியில் தூசை வெளியேற்றும் ரோட்டரி வால்வு தேய்ந்தால் கீழிருந்து காற்று ஏறி, விழுந்த தூசை மறுபடி மேலே தூக்கிவிடும். துணிப் பைகளில் தூசை வடிகட்டும் பேக் ஃபில்டரில் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டரைத் தினமும் படித்து எழுதுங்கள். புதுப் பையில் எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்திருந்தால்தான் அந்த எண் பேசும். திடீரென்று இறங்கினால் பை கிழிந்திருக்கிறது, ஏறிக்கொண்டே போனால் பை அடைத்திருக்கிறது. அடைப்புக்குப் பெரும்பாலும் ஈர விறகே காரணம். நீராவி பையில் குளிர்ந்து தூசோடு சேர்ந்து களியாகிவிடும். மழைக்காலத்துக்கு விறகைக் கூரைக்குக் கீழே அடுக்குங்கள். பாலியெஸ்டர் பை சுமார் 130 டிகிரி வரைதான் தாங்கும். தீப்பொறி பறந்தால் அதற்குக் கீழேயும் ஓட்டை விழும், ஆகவே முன்னால் ஒரு சைக்ளோன் இருக்கட்டும்.

இயக்க இசைவு கைக்கு வந்ததும் ஆணையின் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள், ஷிப்ட் இன்சார்ஜிடம் ஒரு நகலைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். எரிபொருள் பதிவேடு, கருவி ஓடிய நேரம், மாற்றிய பை, ஃபேன் பழுது எல்லாம் தேதியோடு இருக்கட்டும். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5இல் செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டுப் புதுப்பிப்பின்போது திண்டாடுகிறார்கள்.

பாய்லரைப் பெரிதாக்கினாலோ, விறகிலிருந்து முந்திரிக்கொட்டைத் தோட்டுக்கு மாறினாலோ பழைய ஆணை பொருந்தாது. முந்திரித் தோட்டின் எண்ணெய் பையில் பிசினாய் ஒட்டும் என்பதால் கருவியையே மாற்ற வேண்டி வரலாம். மாற்றும் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஆணையில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குப் பல மாதம் முன்பே ஆய்வகத்தை வரவழைத்துச் சோதனை எடுங்கள். தோற்றால் சரிசெய்து மறுபடி எடுக்க நேரம் இருக்கும். விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க வாரியத்துக்குச் சட்டம் நான்கு மாதம் தருகிறது. காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்தால் உத்தரவிட முடியும், எனவே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் சொன்ன நாளுக்குள், செய்த வேலையின் படங்களோடும் பில்லோடும் பதில் கொடுங்கள். இசைவை மறுத்தாலோ ஏற்க முடியாத நிபந்தனை போட்டாலோ, ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். ஆணை உங்கள் கைக்கு வந்த நாளுக்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள், 30 நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.