தீயணைப்பு நிலையத்தில் இருந்துகொண்டே முதுநிலைப் பட்டயம் படிக்க

முப்பத்தெட்டு வயதில், தீயணைப்புப் பணியில் இருந்தபடியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மை முதுநிலைப் பட்டயம் சேர்ந்தேன். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் சேரலாம். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு. மூன்றாண்டு ஆகும் என்று எண்ணியே சேருங்கள். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பர் நமக்கு மழைக்காலம். படகும் கயிறுமாக அலைகிற மாதம். ஆகவே பெரும்பாலான தாள்களை ஜூனில் எழுதி முடித்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நண்பர் ஒருவர் முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டார். படிப்பைப் பணிப்பதிவேட்டில் ஏற்றப் படாதபாடு பட்டார்.

வீட்டில் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புகளுக்குக் கணிசமான மதிப்பெண் உண்டு. நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆங்கிலத்துக்கு அஞ்சி, கடையில் விற்கும் விடைகளைப் பார்த்து எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், நிலையத்தில் சக ஊழியரிடம் விளக்குவதுபோல. பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் மாற்றுங்கள். நான் ஒரு விடைக்கு மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டேன். அழைப்பு மணி அடித்தால் நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான்.

பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் நமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தில் வைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இடர் என்று புத்தகம் சொல்வது சமையற்கூடத்தில் பிடித்த தீயை. ஆனால் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்கூரையும், குறுகிய படிக்கட்டும் அதற்கு முன்பே அங்கே இருந்தன. பாதிக்கப்படும் தன்மை என்பது அதுதான். அவ்வளவு காலம் நான் தீயை மட்டுமே பார்த்துப் பழகியவன். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டாண்டு விடுப்பு கிடைக்கும் என்றால், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதே பாடத்தில் முழுநேர முதுகலை இருக்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இப்போது பள்ளி ஆய்வுக்குப் போனால், தீயணைப்பான் தேதியைப் பார்ப்பதற்கு முன் படிக்கட்டின் அகலத்தை நாடா வைத்து அளக்கிறேன். சத்துணவுக்கூடம் வகுப்பறையிலிருந்து எத்தனை அடி என்று நடந்து பார்க்கிறேன்.