டிரெய்லர் லாரியை ரிவர்ஸ் எடுக்கப் பழகுதல்: புதிய ஓட்டுநர்களுக்கு

ஆறு சக்கர லாரியில் நன்றாகக் கை பழகியவர்கள்கூட, டிரெய்லருக்கு மாறியவுடன் முதலில் தடுமாறுவது ரிவர்ஸில்தான். கடலூர் சிப்காட்டுக்கோ புதுச்சேரி சேதராப்பட்டுக்கோ 40 அடி கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு வருபவர், நெடுஞ்சாலையில் எவ்வளவு திறமையாக ஓட்டி வந்திருந்தாலும், கிடங்கு வாசலில் பின்பக்கத்தைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அந்த நடை முடியும். இது கைராசியால் வருவதன்று, முறையாகப் பழகினால் எவருக்கும் வரும். அந்த முறையில் பெரும்பகுதி, ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்பு வண்டியை எந்தக் கோணத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

சாதாரண லாரியில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கமே பின்புறம் போகும். டிரெய்லரில் அப்படி நடக்காது. கேபின் உள்ள இழுவை வண்டியும் டிரெய்லரும் கிங்பின் (டிரெய்லரின் முன்பகுதியின் அடியில் இருந்து இழுவை வண்டியில் மாட்டும் இரும்பு முளை) பொருந்தும் இடத்தில் மடங்குவதால், பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தால் இழுவை வண்டியின் பின்பகுதி டிரெய்லரின் முன்முனையை இடப்புறம் தள்ளும். டிரெய்லர் தன் பின்சக்கரங்களை ஊன்றித் திரும்பி, அதன் வால் வலப்புறம் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகக் கையை நகர்த்துங்கள். பழகும் காலத்தில் இது குழப்பத்தைப் பெருமளவு குறைக்கும்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டரில், இரண்டு சக்கரப் பெட்டியைப் பின்னோக்கி எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த எதிர்த்திசை புதிதாக இராது. ஆனால் அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்டையான பெட்டி ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்பிவிடும். 40 அடி டிரெய்லர் சிறிது தூரம் நகர்ந்த பிறகே திரும்பத் தொடங்கும். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் மேலும் மேலும் ஒடிப்பதால்தான் வண்டி தேவைக்கு மேல் மடங்கிவிடுகிறது.

பழகுவதற்கு உறுதியான தரையுள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளி வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் சாலையோரம் பல இடங்களில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அது மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் பாரமேறிய டிரெய்லரின் சக்கரங்களைத் தாங்காது. காலி டிரெய்லரில் தொடங்குவதே நல்லது.

முதலில் நேராகப் பின்னால் வருவதை மட்டும் பழகுங்கள். பலர் இதைச் சிறிய பாடம் என்று கருதி உடனே வளைவுக்குத் தாவிவிடுகிறார்கள். நேராக வரத் தெரியாதவருக்கு வளைவு கைகூடாது என்பதே என் உறுதியான எண்ணம். மிகக் குறைந்த வேக ரிவர்ஸ் கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல், கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சின் தானாக இழுக்கும் வேகத்தில் வாருங்கள். கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே வந்தால் வேகம் சீராக இராது, பிளேட்டும் தேயும். இரண்டு கண்ணாடிகளிலும் டிரெய்லரின் பக்கவாட்டு ஒரே அளவு தெரிய வேண்டும். எந்தக் கண்ணாடியில் அது அதிகமாகத் தெரியத் தொடங்குகிறதோ, அந்தக் கண்ணாடியை நோக்கி ஸ்டியரிங்கைச் சிறிதளவு ஒடியுங்கள். டிரெய்லர் திரும்பி வரத் தொடங்கியவுடனேயே, அது முழுவதும் நேராகும்வரை காத்திராமல், ஒடித்ததைத் திருப்பிவிடுங்கள். விலகல் கையளவு இருக்கும்போதே திருத்தினால் சிறிய அசைவு போதும். விட்டுப் பிடித்தால் பெரிதாக ஒடிக்க வேண்டிவரும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் இன்னும் பெரிதாக ஒடிக்க வேண்டிவரும்.

அடுத்தது வாசலுக்குள் செங்குத்தாகத் திரும்பி நுழைவது. நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், வாசல் வலப்புறம் இருக்கும்படி வருவதே பார்வைக்கு உகந்தது. வாசலின் வரிசையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நேராக முன்னே சென்று, வாசலைக் கடந்ததும் இடப்புறம் ஒடித்து விலகி, பிறகு ஸ்டியரிங்கை நேராக்கிச் சிறிது முன்னே போய் நிறுத்துங்கள். இப்போது வண்டி சாய்வாக நிற்கும். ஓட்டுநர் ஜன்னல் வழியே பின்னால் பார்த்தால் டிரெய்லரின் வால் வாசலை நோக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரிவர்ஸ் கியரைத் தொடாமல் மீண்டும் முன்னே போய்க் கோணத்தைச் சரிசெய்யுங்கள். தவறான கோணத்தில் தொடங்கிவிட்டு, பின்னால் வரும் வழியில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதால் வீணாகும் நேரமே அதிகம்.

பின்னால் வரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கைச் சிறிது இடப்புறம் ஒடித்து வாலை வலப்புறம் அனுப்புங்கள். டிரெய்லரின் வலப்பக்கப் பின்சக்கரம், நமக்கு அருகிலுள்ள வாசல் தூணை ஒட்டினாற்போல் கடக்க வேண்டும். பார்வை அந்தச் சக்கரத்திலேயே இருக்கட்டும். வால் வாசலுக்குள் திரும்பத் தொடங்கியவுடன் ஸ்டியரிங்கை வலப்புறம் கொண்டுவந்து, இழுவை வண்டியை டிரெய்லருக்கு நேராக வரச் செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் கேபினின் மூக்கு இடப்புறம் வீசும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கண் முழுவதும் பின்னால் இருக்கும்போது, முன்பக்க இடது மூலை பக்கத்தில் நிற்கும் வண்டியையோ மின்கம்பத்தையோ உரசிவிடும்.

மடக்கம் அதிகமாகி, கேபினின் முதுகுக்கும் கன்டெய்னரின் மூலைக்கும் இடைவெளி குறைவதைக் கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால், டிரெய்லரின் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸ்கள் இழுபட்டு அறுந்துவிடும், கேபினும் நசுங்கும். முன்னே இழுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வருவதற்கு ஒருபோதும் தயங்க வேண்டாம். சுற்றி நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். ஆனால் இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர் மட்டுமே.

இப்படித் திரும்பும்போது இடப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் மறைந்துவிடும், அதன் இடது பின்மூலை எங்கே போகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்க்கும்போது தரையோடு மேலேயும் பாருங்கள். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியும் தகரக் கூரையின் நீட்டமும் கண்ணாடியில் தெரியாதவை. வாசல் கிழக்கே இருந்து, நேரம் காலையாக இருந்தால், பின்னால் பார்க்கும் கண்ணாடிகளில் வெயில் நேராக விழுந்து கண் கூசும். அப்போது இன்னும் ஒருமுறை கூடுதலாக இறங்கிப் பார்ப்பது நல்லது.

கிளீனர் உடன் இருந்தால், வண்டியை அசைப்பதற்கு முன்பே இருவரும் சைகைகளைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். "வா, வா, ரைட்ல ஒடி" என்று அவர் சொல்லும்போது ஸ்டியரிங்கைச் சொல்கிறாரா, டிரெய்லரின் வாலைச் சொல்கிறாரா என்பதே பல நேரம் சிக்கலாகிவிடுகிறது. பாடியில் ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும், இரண்டு தட்டு என்றால் வரலாம் என்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். "ஓல்டான்" என்ற குரலுக்கு, அதை யார் எழுப்பினாலும், காரணம் கேட்காமல் பிரேக்கை மிதியுங்கள். கிளீனர் எப்போதும் வலப்பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவே நிற்கவே கூடாது. அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணமே வண்டி நிற்க வேண்டும், மீண்டும் அவர் முகம் தெரியும்வரை நகரக் கூடாது.

சாலையிலிருந்து நேரடியாக நுழைய வேண்டிய வாசல்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நாம் இடப்புறம் செல்பவர்கள் என்பதால், இடப்பக்க வாசலுக்குள் பின்னோக்கி நுழைந்தால் வால் பார்வைக்கு எட்டாத பக்கம் போகும். வலப்பக்க வாசலென்றால் எதிரே வரும் போக்குவரத்தை மறித்து நிற்க வேண்டிவரும். கன்னியக்கோயில், முள்ளோடை வழியாகச் செல்லும் கடலூர் – புதுச்சேரி சாலையில் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் ஓய்வதே இல்லை. உள்ளே இடம் இருந்தால் முன்பக்கமாக நுழைந்து வளாகத்துக்குள் திருப்பிக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால், சாலையின் இரு பக்கமும் வாகனங்களை நிறுத்த பக்கத்துக்கு ஒருவரைக் காவலாளியிடம் கேட்டு வாங்கி, அவர்கள் போய் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே ரிவர்ஸ் கியரைப் போடுங்கள்.