குடும்பத்துக்கு எஸ்யூவி வாங்கும்போது அழகையும் வசதியையும் தவறாக எடைபோடுவது எப்படி நேர்கிறது?

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் முகூர்த்த நாளன்று சற்று நேரம் நின்றால், டி.என். 74, டி.என். 75 எண்களோடு வரிசையாக நிற்கும் எஸ்யூவிகளையும் அவற்றின் அருகில் நின்று பேசும் ஆண்களையும் காணலாம். முன்முகம் கம்பீரமாக இருக்கிறது, இழுவை நன்றாக இருக்கிறது, மைலேஜ் இவ்வளவு வருகிறது என்று அவர்கள் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் உண்மையானவையே. ஆனால் அவை அனைத்தும் வண்டிக்கு வெளியே நின்றோ ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தோ சொல்லப்படுபவை. ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் பட்டுச்சேலையின் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கியவரிடம் வண்டி எப்படி என்று யாரும் கேட்பதில்லை. குடும்ப வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேட்காத கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

நடுத்தர எஸ்யூவி என்று இங்கே நான் சொல்வது ஏறத்தாழ 4.2 முதல் 4.5 மீட்டர் நீளமுள்ள, ஐந்து பேர் அமரக்கூடிய வண்டிகளை. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா எலிவேட், ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன் ஆகியவை நம் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படுபவை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, நீளம் 4 மீட்டருக்குள்ளும், இயந்திரம் பெட்ரோலானால் 1200 சிசி, டீசலானால் 1500 சிசி அளவுக்குள்ளும் இருந்தால் வரி 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். நாம் பேசும் வண்டிகள் வரம்பைத் தாண்டியவை. இவ்வளவு வரி கொடுத்து வாங்கும் கூடுதல் நீளமும் அகலமும் உயரமும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பயன்படுகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்கதவைத் திறந்து பார்க்காமல் முடிவெடுப்பது

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டியை வாங்கியபோது, டெஸ்ட் டிரைவுக்கு நானும் என் நண்பரும் மட்டுமே போனோம். இருவரும் முன்னிருக்கைகளில் அமர்ந்து, நாகர்கோவில் புறவழியில் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டினோம். வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை கோயிலுக்குப் போவதற்காக, மூட்டுவலி உள்ள என் அம்மா பின்கதவைத் திறந்தார். ஏறுவது அவருக்கு அவ்வளவு கடினமாக இல்லை. இருக்கை இடுப்பளவில் இருந்ததால், எங்கள் பழைய சிறிய காரில் குனிந்து விழுவதுபோல் உட்கார்ந்ததைவிட இது நன்றாகவே இருந்தது. சிக்கல் இறங்கும்போதுதான் தெரிந்தது. கதவின் அடிப்பகுதியில் இருந்த அகலமான விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே வைத்தால்தான் தரை எட்டும். பின்சக்கர வளைவு வாசலின் கீழ்ப்பகுதியைக் குறுக்கியிருந்ததால், காலை நீட்டித் திருப்பவும் இடமில்லை. முன்னிருக்கையின் தலைசாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அந்தரத்தில் நிறுத்தி, "ஏறிடலாம் மக்களே, எறங்கதுக்குத்தான் பயமா இருக்கு" என்றார் அம்மா. விலைப்பட்டியலில் இருந்த அறுபது எழுபது அம்சங்களில் ஒன்றுகூட இதைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பரிகாரமாகப் பக்கவாட்டில் படி வைத்தோம். அது தரை இடைவெளியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் அதில் சேரும் சேறு இறங்குபவரின் வேட்டியிலும் சேலையிலும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் முதியவர் இருந்தால் அவரை ஷோரூமுக்கே அழைத்துச் சென்று, பின்னிருக்கையில் மூன்று முறையாவது ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. கூரை பின்னோக்கிச் சரியும் கூபே வடிவ வண்டியானால், அவர் தலை எங்கே இடிக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பின்னிருக்கையில் இன்னொரு சங்கதியும் உண்டு. வண்டிக்கு உறுதியான தோற்றம் தருவதற்காக, இன்றைய வடிவமைப்புகளில் பக்கக் கண்ணாடியின் கீழ்விளிம்பைப் பின்னே போகப் போக உயர்த்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கையில் அது பாய நிற்கும் விலங்குபோல் அழகாகத்தான் இருக்கும். உள்ளே அமரும் ஏழு வயதுக் குழந்தைக்கோ வானமும் மின்கம்பியும் தவிர வேறெதுவும் தெரியாது. வெளியே பார்க்க முடியாதபோது உடல் உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் பொருந்தாமல் போவதால் தலைச்சுற்றலும் வாந்தியும் வருகின்றன. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வளைவுகளில் இதை அனுபவித்த பெற்றோர் பலர், சாலையைத்தான் குறை சொல்கிறார்கள். குழந்தையை அதன் வயதுக்கேற்ற உயர்த்திய இருக்கையில் அமர்த்தினால் பாதுகாப்பும் கூடும், வெளியும் தெரியும். அந்த இருக்கையை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எளிதில் எட்டுகின்றனவா என்பதையும் ஷோரூமிலேயே பார்த்துவிடுங்கள்.

லிட்டர் கணக்கை நம்பி டிக்கியைத் தீர்மானிப்பது

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் ஒப்பிடுவதுதான் வழக்கம். கிரெட்டாவுக்கு 433, எலிவேட்டுக்கு 458, குஷாக்குக்கு 385 என்று எண்களைச் சொல்லி, கூடுதல் உள்ளதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தேவையானது எண்ணா வடிவமா என்பதை டிக்கியில் நீங்கள் ஏற்றும் பொருள்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சூட்கேசை மட்டும் ஏற்றுவதில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு நேந்திரன் வாழைக்குலை, இரண்டு பலாப்பழம், ஒரு சாக்குத் தேங்காய், அம்மா கட்டித் தந்த கருப்பட்டி ஆகியவை இல்லாமல் வண்டி கிளம்பாது. குலையை மடக்க முடியாது. படுக்கவைத்தால் காய் நசுங்கும். அதற்கு வேண்டியது சக்கர வளைவுகளுக்கு இடையிலான அகலமும், டிக்கியை மூடும் பார்சல் தட்டுக்குக் கீழுள்ள உயரமும். பதினைந்து கிலோ எடையுள்ள பலாப்பழத்தைத் தூக்கி வைப்பவருக்கோ, டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் லிட்டரைவிட முக்கியம். விளிம்பு உயரமாகவும் உட்தளம் பள்ளமாகவும் இருந்தால், ஏற்றும்போது ஒரு முறையும் இறக்கும்போது ஒரு முறையும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரே பெயருள்ள வண்டியின் எல்லா வகைகளுக்கும் டிக்கி ஒரே அளவு என்று நினைப்பதும் தவறு. கிராண்ட் விட்டாராவின் சாதாரணப் பெட்ரோல் வகையில் 373 லிட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் முழு ஹைபிரிட் வகையில் மின்கலம் பின்பகுதியில் அமர்வதால் அது 265 லிட்டராகக் குறைந்துவிடுகிறது. திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவருக்கு ஹைபிரிட்டின் எரிபொருள் சிக்கனம் பெரிய வரம். மாதம் ஒரு முறை மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊருக்கு வந்துபோகும் குடும்பத்துக்கு அந்த நூற்றுச் சொச்சம் லிட்டர் இழப்பு ஒவ்வொரு பயணத்திலும் தெரியும்.

நம் வழிகளின் அகலத்தை மறப்பது

இதில்தான் குமரி மாவட்டத்துக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும். இங்கே தேசிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடம், இருபுறமும் கருங்கல் மதிலுள்ள இடவழிக்குள் நுழைந்துவிடுகிறோம். அதையும் தாண்டினால் ஒருபுறம் தண்ணீரும் மறுபுறம் வாழைத்தோட்டமுமாகச் சானல்கரைப் பாதை. கிரெட்டா 1790 மில்லிமீட்டர் அகலம், கிராண்ட் விட்டாரா 1795. இந்த அளவுகளில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை. அவற்றையும் விரித்தால் அகலம் 2 மீட்டரை எட்டிவிடும். "இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய வண்டியே கிடைக்குமே" என்ற யோசனையைக் கேட்டு 1917 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கார்பியோ-என் போன்ற வண்டிக்குப் போனால், எதிரே ஓர் ஆட்டோ வந்தாலும் யார் பின்னால் எடுப்பது என்ற பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். ஸ்கார்பியோ-என் நல்ல வண்டிதான். நெடுஞ்சாலையை ஒட்டி வீடு உள்ளவர் அதைத் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் ஒரு டேப்பை எடுத்து, வீட்டு வாசல் தூண்களின் இடைவெளியையும், வழியில் மிகக் குறுகலான இடத்தையும், நிறுத்தும் இடத்தில் கதவைத் திறந்தால் மீதமாகும் இடத்தையும் அளந்துகொண்டு ஷோரூமுக்குப் போவது நல்லது. முன்னும் பின்னும் பக்கங்களிலும் காட்டும் கேமரா குறுகிய வழியில் நிச்சயம் உதவும், ஆனால் மழைநாளில் ஒரு துளி சேறு அதை மறைத்துவிடும் என்பதால், கண்ணாடியைப் பார்த்து ஓட்டும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது.

அழகுக்காகச் சேரும் செலவுகள்

பெரிய சக்கரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 17 அங்குலச் சக்கரத்துக்கான, 215/60 ஆர்17 என்று எழுதப்பட்ட டயரின் பக்கச்சுவர் உயரம் 129 மில்லிமீட்டர். 18 அங்குலச் சக்கரத்துக்கான 215/55 ஆர்18 என்றால் 118. குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை முதலில் தாங்குவது அந்தப் பக்கச்சுவரில் உள்ள காற்றுதான். அது குறையும்போது அலாய் சக்கரம் வளைவதற்கும் டயர் பக்கவாட்டில் வீங்குவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. டயரின் விலையும் கூடுகிறது. இரண்டு பருவமழைகளையும் பெற்று, ஆண்டின் பெரும்பகுதி குழியோடு வாழும் சாலைகளுக்கு ஓர் அளவு சிறிய சக்கரமுள்ள வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

மெல்லிய பகல்விளக்கை மேலே வைத்து, முதன்மை முகப்பு விளக்கைப் பம்பருக்கு இறக்கிவிடும் வடிவம் சில ஆண்டுகளாகப் பரவியுள்ளது. நாகர்கோவில் வடசேரி நெரிசலில் இருசக்கர வாகனம் ஒன்று உரசினாலே அடிபடும் உயரத்தில் விலையுயர்ந்த எல்இடி விளக்கு அமர்ந்திருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. சரி, பம்பரைக் காக்க இரும்புக் கம்பி போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அத்தகைய கம்பிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் சட்டவிரோதமென அறிவித்துவிட்டது. மோதலின்போது நசுங்கி விசையை ஏற்க வேண்டிய முன்பகுதியை அவை நசுங்கவிடாமல் செய்வதோடு, காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் குலைக்கலாம். எதிரே நடந்துவருபவருக்கு அவை இன்னும் ஆபத்தானவை. வெளிர் நிற இருக்கை, விரல் பட்டாலே தடம் விழும் பளபளப்புக் கறுப்புப் பூச்சு, ஏசியைக்கூடத் திரையைத் தொட்டே மாற்ற வேண்டிய அமைப்பு ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்காலம் சொல்லிவிடும்.

உயரமான வண்டி எதையும் தாங்கும் என்று நம்புவது

எலிவேட்டின் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர், கிராண்ட் விட்டாராவினுடையது 210, கிரெட்டாவினுடையது 190. ஐந்து பேரும் நிறைந்த டிக்கியுமாக வண்டி தாழும்போது இந்த எண்கள் குறையும். அதைவிட முக்கியமாக, உயரமாக இருப்பதால் தண்ணீரிலும் போகும் என்ற நம்பிக்கை தவறானது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் மாவட்டம் வெள்ளத்தைக் கண்டது. இயந்திரத்துக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே வண்டியின் எல்லை. தண்ணீர் உள்ளே புகுந்தால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரோடு மோதிப் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இழுத்துச் செல்லத்தான் வேண்டும். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதம் பொதுவாக அடங்குவதில்லை என்பதால், இயந்திரப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நடுத்தர எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டுமே இழுப்பவை. எனவே மழையில் ஊறிய ரப்பர் தோட்டத்து மண்சரிவில் ஒரு சாதாரணக் கார் திணறும் இடத்தில் இவையும் திணறும்.

காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வரும்போது, முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உயரமான வண்டியின் பக்கவாட்டிலும் அறைகிறது. முன்னால் போகும் லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதை உணரலாம். கூரையின் மேல் பெட்டி கட்டியிருந்தால் இழுப்பு இன்னும் கூடும். அங்கே வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதே முறை.

மற்றவர் கருத்தைக் கேட்பதாக இருந்தால், வாங்கி ஒரு மாதமானவரைவிட மூன்று மழைக்காலம் ஓட்டியவரைக் கேளுங்கள். அவர் எந்த ஊரில் ஓட்டுகிறார், பின்னிருக்கையில் வழக்கமாக யார் அமர்கிறார், டயர் எப்போது மாற்றினார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு அவர் வீட்டுப் பெண்களிடமும் அதே வண்டியைப் பற்றிக் கேளுங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்தவரானால், உப்புக்காற்று வண்டியின் அடியில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க அவர் அனுமதி தருவாரா என்றும் கேட்கலாம். பளபளக்கும் வண்டியின் அடியில், பின்சக்கர அச்சிலும் புகைக்குழாய் இணைப்பிலும் துரு பிடித்திருந்தால், வாரம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நீங்கள் தொடங்கிவிடலாம்.