உண்ணிச்செடியை வேரோடு எடுங்கள், குச்சியில் கூடை முடையுங்கள்

இங்கிலாந்தில் வில்லோ மரத்தைக் குளிர்காலத்தில் அடியோடு வெட்டிவிடுவார்கள். அந்தக் கட்டையிலிருந்து நேராகக் கிளம்பும் மிலாறுகள்தான் கூடைக்கு. பெங்களூரைச் சுற்றி நமக்கு அதிகம் கிடைப்பது உண்ணிச்செடி, அதாவது காட்டை அடைக்கும் லண்டானா என்ற முட்புதர். அதுவும் வெட்ட வெட்டத் துளிர்க்கும். சிக்கலே அதுதான். தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் புதராக மண்டிவிடும், அடியில் புல்கூடத் தலைதூக்காது.

முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். காட்டுக்குள் நல்லது செய்யப் போனாலும் அது வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாள் நல்லது. தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். புதரில் கை வைக்கும் முன் கோலால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். கொண்டைக்குருவி கூடு இருந்தால் அந்தப் புதரை விட்டுவிடுங்கள்.

சுற்றி மண்ணைக் கொத்தினால் தண்டும் வேரும் சேரும் தடித்த பகுதி தெரியும். துளிர் கிளம்புவது அங்கிருந்துதான். அதற்கும் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் சி. ஆர். பாபுவின் குழு உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இது. கருத்த பழங்களை முன்பே சாக்கில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க மறுபடி போகத்தான் வேண்டும். வெட்டுகிற அன்று வருபவர்களைவிடக் கன்று பிடுங்க வருபவர்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, குச்சிக்கு வருவோம். கர்நாடகத்து மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் இதில் நாற்காலி செய்கிறார்கள்; கூடலூர்ப் பக்கம் நிஜ யானை அளவுக்கே யானை செய்கிறார்கள். நமக்குக் கூடை போதும். பென்சில் கனத்தில் கணு குறைந்த குச்சிகளைப் பொறுக்கி, பெரிய அண்டாவில் நன்றாக வேகவையுங்கள். சூடு ஆறுவதற்குள் உரித்தால் பட்டை முள்ளோடு சேர்ந்து கழன்று வரும். குச்சியும் சொன்னபடி வளையும். ஆறிவிட்டால் நகம்தான் பெயரும்.

மூன்றடி நீளத்தில் எட்டுக் குச்சி எடுத்து, நாலின் மேல் நாலைக் குறுக்காக வையுங்கள். மெல்லிய குச்சி இரண்டை ஒன்றோடொன்று முறுக்கியபடி சிலுவையைச் சுற்றி இரண்டு சுற்று இறுக்குங்கள். அப்புறம் குச்சி முனைகளை ஒவ்வொன்றாக விரித்தால் பதினாறு கிடைக்கும். அவற்றினூடே முடைந்துகொண்டே போய், அடி ஒரு சாண் அகலம் வந்ததும் எல்லாவற்றையும் மேலே மடக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, பக்கத்தை முடையுங்கள். இங்கே பேம்பூ பஜாரில் மூங்கில் கூடை முடையும் அக்கா ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காஞ்ச குச்சி உடையும் தம்பி, ஈரத்துணியப் பக்கத்துலயே வச்சுக்கோ."

விளிம்புக்கு, ஒவ்வொரு நிமிர்ந்த குச்சியையும் பக்கத்துக் குச்சிக்குப் பின்னால் கொண்டுபோய், அதற்கடுத்ததன் முன்னால் விட்டு, உள்ளே செருகுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை நன்றாகக் காய்ந்த பிறகு நறுக்குங்கள்; ஈரத்திலேயே ஒட்ட நறுக்கினால் சுருங்கி நழுவிவிடும்.