கோல் அவர் பெயரில்தான், பக்கத்தில் ஆடியது யார்?

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே போட்டோ எடுக்கும் வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியில் ஒருவர் அடித்த கோலில் பக்கத்தில் ஆடியவருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடுகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே குடியாத்தத்தில் பீடி சுற்றிய பாட்டியால்தான்.

பாட்டி மடியில் முறத்தை வைத்துச் சுற்றுவார்; சித்தி பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நோட்டில் பாட்டி பெயர் மட்டும். சித்தி கல்யாணமாகிப் போனதும், ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றிய கை அறுநூறைத் தாண்டவில்லை.

ஐஸ் ஹாக்கியில் முன்வரிசைக்காரர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் விங்கர். இதுதான் லைன். முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு அடுத்த மூவருக்கு வழிவிடுவார்கள். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கை, அதாவது பந்துக்குப் பதில் வைத்து ஆடும் ரப்பர் வட்டை, அவருக்குக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வரை அசிஸ்ட், ஆளுக்கு ஒரு புள்ளி.

சரி, பேப்பர் எடுங்கள்.

முதலில் சீசனை இரண்டாக வெட்டுங்கள். 2005-06இல் சான் ஹோசே ஷார்க்ஸ் விங்கர் ஜோனதன் சீச்சூ 56 கோல் அடித்தார்; வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் அந்த ஆண்டு அவர்தான் முதலிடம். சென்டர் ஜோ தார்ன்டன் பாஸ்டன் அணியிலிருந்து சான் ஹோசேவுக்கு மாறியது 2005 நவம்பர் 30. அதுவரை சீச்சூ 24 ஆட்டத்தில் 7 கோல். மீதி 58 ஆட்டத்தில் 49.

அடுத்து வகுத்துப் பாருங்கள். 7ஐ 24ஆல் வகுத்தால் 0.29. 49ஐ 58ஆல் வகுத்தால் 0.84. ஏறக்குறைய மூன்று மடங்கு! ஆட்டத்துக்குப் பதிலாகக் களத்தில் நின்ற நிமிடங்கள் கிடைத்தால் 60 நிமிடத்துக்கு எத்தனை என்று போடுங்கள், இன்னும் துல்லியம். பவர் ப்ளே கோல்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். எதிரணியில் ஆள் குறைந்த நேரம் அது, இறங்கும் கூட்டணியும் வேறு.

பலரும் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் யார் இலை வெட்டியவர், யார் சுற்றியவர் என்று தெரியும். சீச்சூ இல்லாமல் தார்ன்டன் எப்படி? பாஸ்டனில் 23 ஆட்டம், 33 புள்ளி: 1.43. சான் ஹோசேயில் 58 ஆட்டம், 92 புள்ளி: 1.59. கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான். தார்ன்டன் எங்கே போனாலும் ஓடும் வண்டி. சீச்சூவுக்குத்தான் வெட்டிய இலை தேவைப்பட்டது.

அப்புறம், ஒரே சீசனை வைத்து முடிவு கட்டாதீர்கள். கோல் எண்ணிக்கை அதிர்ஷ்டத்தில் ஏறி இறங்கும்; வலையை நோக்கி அடித்த ஷாட்டுகளையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளையும் பாருங்கள்: சீச்சூ 37, 23, 12 என்று இறங்கினார். அத்தனை நாளும் தார்ன்டன் அதே அணியில்தான் இருந்தார்.

சித்தியும் ஒரு தீபாவளிக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்தார். பாட்டிக்கு எழுநூறுக்கு மேல் வரவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது.