பில் போடும் ஆளை முன்கூட்டியே மாற்றுங்கள்

புதுச்சேரி நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ கடை வைத்திருக்கிறீர்களா? சனி, ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பில் போடுகிறவரை, அவர் தடுமாறத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். எத்தனை மணிக்கு என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கால்பந்துப் பயிற்சியாளர்கள் செய்வது இதுதான். கால் ஓய்ந்து பந்தைக் கோட்டைவிட்ட பிறகு ஆளை எடுத்தால், அதற்குள் கோல் விழுந்திருக்கும். 2020-ல் கொரோனாவால் ஆட்டங்கள் நெருக்கி வந்தபோது, பெரிய போட்டிகளில் மூன்றாக இருந்த மாற்று ஆட்டக்காரர்களை ஐந்தாக்க அனுமதித்தார்கள். 2022-ல் அதையே நிரந்தர விதியாக்கிவிட்டார்கள். கடையில் களைப்பு முதலில் தெரிவது சில்லறையில்தான். இருநூறு ரூபாய்த் தாளுக்கு ஐந்நூறுக்கான பாக்கி போய்விடும். ஜிபே பணம் வந்ததா என்று பார்க்காமலே பையை நீட்டிவிடுவார். நேரம் முன்பே தெரிந்திருந்தால், எழுந்து போகிறவருக்கு 'நம்மை நம்பவில்லையோ' என்ற மனக்கசப்பும் இருக்காது.

மாற்றும்போது இருவருமாகக் கல்லாவை எண்ணித் துண்டுச்சீட்டில் எழுதிவிடுங்கள். இதை விட்டால் ராத்திரி சண்டை உறுதி. அப்புறம், மாற்று ஆளைக் கூட்டமில்லாத செவ்வாய், புதனில் பழக்குங்கள்.

ஒருவரே நடத்தும் கடைக்கு இது ஒத்துவராது. பரோட்டா மாஸ்டர் போன்ற கைப்பக்குவ வேலைக்கும் வேண்டாம். கோல்கீப்பரைக் காயம் பட்டாலொழிய பெரும்பாலும் மாற்றுவதில்லையே! மாஸ்டருக்கு ஒரு டீயும் கொஞ்சம் ஓய்வும் கொடுங்கள்.